தண்ணிக்குள்ள கேமராவோட போன ஆள்

மக்களே, முதல்ல என் சோகக்கதையை ஒரு பத்து வரி கேட்டுடுங்க. அப்புறம் தலைவர் கதைக்குப் போகலாம்.

மூணாவது வருஷம் படிக்கும்போது கோவளம் கடற்கரையில சர்ஃபிங் போட்டி நடக்குதுன்னு கேள்விப்பட்டு, நானும் போட்டோகிராபி கிளப் பசங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். கையில கிளப்போட டிஎஸ்எல்ஆர். முதல் நாள் மட்டும் கிட்டத்தட்ட 600 படம் எடுத்தோம். ராத்திரி ஹாஸ்டல்ல லேப்டாப்ல போட்டுப் பார்த்தா எல்லாப் படமும் ஒரே படம். நிறைய தண்ணி, நடுவுல எறும்பு சைஸ்ல ஒரு ஆள். எந்தப் படத்துலயும் முகம்னு ஒண்ணு இல்ல. யாரு ஜெயிச்சாங்க, யாரு தோத்தாங்க, பயந்தாங்களா, சிரிச்சாங்களா, ஒண்ணும் தெரியல.

ரெண்டாவது நாள் எனக்கு ஞானம் பிறந்துச்சு. கரையில நின்னா எப்படிடா முகம் தெரியும்? உள்ள போகணும். போனை ஒரு பிளாஸ்டிக் பவுச்சுல போட்டு, கழுத்துல மாட்டிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில இறங்கினேன். மூணாவது அலை முகத்துல அடிச்சப்போ பவுச்சுக்குள்ள தண்ணி. போன் காலி. வீட்டுல வாங்கின திட்டை இங்க எழுதினா எடிட்டர் அனுமதிக்க மாட்டார்.

போன் இல்லாத அந்த ரெண்டு வாரத்துல ரூம்மேட்டோட லேப்டாப்ல உக்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைத் தேடினேன். முதன்முதல்ல கேமராவைத் தூக்கிக்கிட்டு அலைக்குள்ள போன புண்ணியவான் யாரு? சர்ஃபிங் வரலாறு எழுதுறவங்க எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்றாங்க: டாம் பிளேக். சர்ஃபிங் உலகத்துல ரொம்பப் பெரிய பேரு. நம்ம பக்கம்தான் யாருக்கும் தெரியாது. தேடத் தேட, கேமரா அவர் வாழ்க்கையில ஒரு பகுதிதான்னு புரிஞ்சுது. மொத்தக் கதையும் நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்க கண்டிப்பா படிக்க வேண்டியது. அதனாலதான் இந்தக் கட்டுரை.

கடலே இல்லாத ஊர்

பிளேக் பிறந்தது 1902 மார்ச் 8, அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருக்கிற மில்வாக்கி நகரம். மேப்பை எடுத்துப் பாருங்க. ஏரி இருக்கு, கடல் கிடையாது. குழந்தைக்கு ஒரு வயசு முடியறதுக்கு முன்னாடியே அம்மா காசநோயில இறந்துட்டாங்க. அப்பா கூட வெச்சு வளர்க்கல. சொந்தக்காரங்க வீட்டுலதான் பையன் வளர்ந்தான். இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

1918-ல ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது. நமக்குக் கொரோனா லாக்டவுன் வந்த மாதிரி, அவருக்கும் ஸ்கூலை மூடிட்டாங்க. நமக்கு ஆன்லைன் கிளாஸ் இருந்துச்சு. அவருக்கு அதுவும் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பினவர் திரும்ப ஸ்கூல் பக்கம் போகல. ஊர் ஊரா சுத்தினார், கிடைச்ச வேலையைச் செஞ்சார்.

1920-ல டெட்ராய்ட் நகரத்துல ஒரு சினிமா தியேட்டர். அங்க வராந்தாவுல ஹவாய் தீவுல இருந்து வந்த நீச்சல் வீரர்கள் சிலர் நின்னுக்கிட்டிருந்தாங்க. ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு ஊர் திரும்புற வழி. அவங்க நடுவுல உயரமா, கருப்பா, கம்பீரமா ஒருத்தர். டியூக் கஹானமோகு. 1912 ஸ்டாக்ஹோம்லயும் 1920 ஆண்ட்வெர்ப்லயும் 100 மீட்டர் நீச்சல்ல தங்கம் வாங்கினவர். அதுக்கும் மேல, ஹவாய்க்காரங்களோட சர்ஃபிங்கை உலகத்துக்குக் காட்டினவர். 18 வயசுப் பையன் பிளேக் நேரா அவர்கிட்ட போய்க் கையை நீட்டினான். டியூக் கை குடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. செல்ஃபி எல்லாம் இல்லாத காலம். ஒரு கைகுலுக்கல், அஞ்சு செகண்ட்.

ஆனா அந்த அஞ்சு செகண்ட்தான் அடுத்த 70 வருஷத்தை முடிவு பண்ணிச்சு.

1921-ல பிளேக் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்துட்டார். அங்க வந்த பிறகுதான் முறையா நீச்சல் பழகினார். அடுத்த வருஷமே பிலடெல்பியாவுல நடந்த 10 மைல் தேசிய நீச்சல் போட்டியில முதலிடம். அதாவது 16 கிலோமீட்டர். நான் நம்ம காலேஜ் கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடினாலே ஃபிஸியோவைக் கூப்பிடுற ஆள், அதனால இதுக்கு மேல கமெண்ட் சொல்ல எனக்குத் தகுதி இல்ல. வயித்துப்பாட்டுக்குக் கடற்கரையில லைஃப்கார்டு வேலை, நடுநடுவுல சினிமாவுல டூப் வேலை. ஒரு படத்துல ஹீரோவுக்கு டூப் போட்டுச் சுறா மீனோட சண்டை போடுற சீன்கூடப் பண்ணியிருக்கார்.

மியூசியத்துல கிடைச்ச பிராஜெக்ட்

1924-ல முதல்முறையா ஹவாய் போனார். வைகிகி கடற்கரையில இறங்கினவர், அதுக்கப்புறம் பல வருஷம் கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவுல போயிட்டு வந்துக்கிட்டே இருந்தார்.

ஹோனலூலுவுல பிஷப் மியூசியம்னு ஒண்ணு இருக்கு. ஹவாயோட பழைய பொருள்கள் எல்லாம் அங்க இருக்கும். அங்க பிளேக் கண்ணுல பட்டது பழைய காலத்துத் தலைவர்கள் சவாரி பண்ணின ஓலோ என்கிற நீளமான அலைப்பலகைகள். 16 அடி நீளம். அந்தக் காலத்துல யாரும் ஓட்டாத, எப்படி ஓட்டினாங்கன்னே மறந்துபோன பலகைகள். வெள்ளைக்கார மிஷனரிகள் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டுல ஹவாய்ல சர்ஃபிங்கே கிட்டத்தட்ட அழிஞ்சு போற நிலைமைக்கு வந்து, 1900-களோட ஆரம்பத்துலதான் மறுபடி உயிர் பிடிச்சது. அப்படி மறுபடி வந்தப்போகூட இந்த ஓலோ பலகை திரும்பி வரல.

பிளேக் அந்தப் பலகைகளைச் சுத்தம் பண்ணி, பழுது பார்க்கிற வேலையை எடுத்துக்கிட்டார். பழுது பார்க்கிறவனுக்குத்தான் ஒரு பொருளோட உள்குத்து தெரியும். நீங்க லேப்ல மோட்டாரைக் கழட்டி மாட்டியிருந்தா இது புரியும். 1926-ல அதே மாதிரி 16 அடிப் பலகை ஒண்ணு தானே செய்ய உக்கார்ந்தார். ஒரு பிரச்சினை. பழைய தலைவர்கள் உபயோகிச்சது ரொம்ப லேசான விலிவிலி மரம். பிளேக்குக்குக் கிடைச்சது கனமான ரெட்வுட். அந்தக் காலத்து சாதாரணப் பலகையே கிட்டத்தட்ட 45 கிலோ. 16 அடி நீளத்துக்கு முழு ரெட்வுட்ல செஞ்சா யாரு தூக்குறது?

அவர் என்ன பண்ணினார்னா, பலகையில மேலிருந்து கீழ வரைக்கும் நூத்துக்கணக்குல ஓட்டை போட்டார். எடையைக் குறைக்க மரத்தையே எடுத்துட்டார். அப்படியே ஒரு மாசம் காய விட்டு, மேலயும் கீழயும் மெல்லிய மரத் தகடு ஒட்டி மூடிட்டார். உள்ள காத்து, வெளிய மரம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்துல பீம் பத்திப் படிச்சது ஞாபகம் இருக்கா? வளையுற பொருள்ல பாரம் மேல் பரப்புலயும் கீழ் பரப்புலயும்தான் அதிகம், நடுவுல இருக்கிற மரம் பெருசா வேலை செய்யறதில்ல. ஸ்கூல் முடிக்காத மனுஷன் அதைக் கையில செஞ்சு பார்த்திருக்கார்.

கொஞ்ச வருஷத்துல அந்த டிசைன் இன்னும் முன்னேறிச்சு. ஓட்டை போடுறதுக்குப் பதிலா, விமான இறக்கை மாதிரி உள்ள குறுக்குச் சட்டங்கள், மேல மெல்லிய பலகை. எடை பாதியா இறங்கிச்சு. 1931-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு, 1932-ல வாங்கினார். பேட்டண்ட்ல அதுக்கு வெச்ச பேரு வாட்டர் ஸ்லெட், அதாவது தண்ணியில போற சறுக்கு வண்டி.

ஜெயிச்சதுக்குக் கிடைச்ச பரிசு

1928-ல கலிபோர்னியாவுல கொரோனா டெல் மார் என்ற இடத்துல பசிபிக் கடற்கரை சர்ஃபிங் சாம்பியன்ஷிப் முதல் தடவையா நடந்தது. முதல் சாம்பியன் நம்ம ஆளு. அடுத்து 1930 ஜனவரி 1, ஹோனலூலுவுல அலா வை கால்வாய்ல பலகையில படுத்துக் கையால துடுப்புப் போட்டுப் போற பந்தயம். பிளேக் தன்னோட நீளமான, உள்ளீடற்ற பலகையோட வந்தார். பார்த்தவங்க சிரிச்சாங்க. சுருட்டு மாதிரி இருக்குன்னு அதுக்குப் பட்டப்பேரும் வெச்சாங்க. பந்தயம் முடிஞ்சப்போ அரை மைல் தூரத்துல பழைய ரெக்கார்டை விட 2 நிமிஷத்துக்கு மேல குறைச்சிருந்தார்.

கைதட்டல் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்களா? கோபம்தான் கிடைச்சது. இது பலகையே கிடையாது, படகு, இதை வெச்சு ஜெயிக்கிறது நியாயமான்னு கேட்டாங்க. நிறைய பேருக்கு வருத்தம்.

நான் முதல்ல படிச்சப்போ, பொறாமை புடிச்ச ஆளுங்கப்பான்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை படிச்சப்போ கொஞ்சம் யோசிச்சேன். அது அவங்க கடல். அவங்க தாத்தா காலத்து விளையாட்டு. ஒரு தடவை வெளியாட்கள் வந்து கிட்டத்தட்ட அழிச்சே போட்டாங்க. இப்போ இன்னொரு வெளியாள் வந்து, அவங்க மியூசியத்துல இருந்த பலகையைப் பார்த்து ஒண்ணு செஞ்சு, அவங்க ஊர்லயே அவங்களை ஜெயிச்சு, அப்புறம் தன் பேர்ல பேட்டண்டும் வாங்கினா, கோபம் வரத்தான் செய்யும். பிளேக் ஓலோ பலகையில இருந்துதான் இது வந்ததுன்னு எப்பவும் மறைக்கல. 1935-ல அவர் எழுதின புத்தகத்துக்கு ஹவாய் சர்ஃப்போர்டுன்னுதான் பேரு வெச்சார். சர்ஃபிங் பத்தி மட்டுமே எழுதப்பட்ட முதல் புத்தகம் அது. அந்த நன்றி இருந்துச்சு. ஆனாலும் அந்தக் கோபமும் நியாயம்தான்னு எனக்குத் தோணுது. நீங்க எந்தப் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

டியூக்கோட கேமரா

இப்போ நம்ம மேட்டருக்கு வருவோம்.

1929 வாக்குல பிளேக் ஒரு கிராஃப்ளெக்ஸ் கேமரா வாங்கினார். யார்கிட்ட இருந்து தெரியுமா? டியூக் கஹானமோகுகிட்ட இருந்து. தியேட்டர் வராந்தாவுல கை குலுக்கின அதே டியூக். 9 வருஷத்துல அந்தப் பையன் டியூக்கோட கடல்லயே குளிச்சு, டியூக்கோட சேர்ந்து அலையில போய், இப்போ டியூக்கோட கேமராவும் அவன் கையில.

கிராஃப்ளெக்ஸ்னா என்னன்னு ஒரு நிமிஷம். இன்னைக்கு இருக்கிற டிஎஸ்எல்ஆருக்குத் தாத்தா. உள்ள ஒரு கண்ணாடி இருக்கும், லென்ஸ் பார்க்கிறதை நாமளும் பார்க்கலாம். ஆனா சைஸ் ஒரு சின்ன சூட்கேஸ் மாதிரி. மேல ஒரு தோல் கூண்டு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள முகத்தைப் புதைச்சுக் குனிஞ்சு பார்க்கணும். பிலிம் ஒவ்வொண்ணும் 4-க்கு 5 அங்குலம். பத்திரிகைக்காரங்க தரையில நின்னு விளையாட்டைப் படம் எடுக்க உபயோகிச்ச கேமரா. அதுவரைக்கும் சர்ஃபிங் படம்னா கரையில இருந்தோ படகுல இருந்தோ எடுத்ததுதான். என்னோட 600 படம் மாதிரி. பிளேக் அதுக்குத் தண்ணி புகாத பெட்டி ஒண்ணு செஞ்சார். பெட்டியைப் பலகையில வெச்சுக்கிட்டு அலை உடையற இடத்துக்குத் துடுப்புப் போட்டுப் போனார்.

இது எவ்வளவு கஷ்டம்னு பவுச்சுல போனைத் தொலைச்ச எனக்குத் தெரியும். யாரு செஞ்சாலும் அஞ்சு பிரச்சினை.

ஒண்ணு, பார்க்கணும். பெட்டிக்குள்ள இருக்கிற கேமராவோட கூண்டுல முகத்தைப் புதைக்க முடியாது. அதனால தூரத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு ஃபோகஸை வெச்சுட்டு, ஆள் அந்தத் தூரத்துக்கு வரும்போது குறி வெச்சு எடுக்கணும்.

ரெண்டு, அமுக்கணும். ஷட்டர் உள்ள, விரல் வெளிய. நடுவுல ஒரு ஓட்டை வேணும். ஓட்டைன்னா கசிவு.

மூணு, கண்ணாடி. முன்னாடி இருக்கிற ஜன்னல்ல ஒரே ஒரு சொட்டு நின்னாப் போதும், முகம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு மங்கல் வட்டம் வந்துடும். போதாததுக்கு உள்ள ஆவி படியும்.

நாலு, ஆர்க்கிமிடீஸ். பெரிய பெட்டின்னா உள்ள நிறைய காத்து, நல்லா மிதக்கும். மிதக்கிற பெட்டியை அலை அடிச்சா அது நேரா நம்ம மூஞ்சிக்குத்தான் வரும்.

அஞ்சு, பிலிம். மாத்தணும்னா பெட்டியைத் திறக்கணும், திறக்கணும்னா கரைக்கு வந்தாகணும். நான் ஒரு அலைக்கு 20 படம் தட்டினேன். அவருக்கு ஒரு தடவை உள்ள போனா விரல் விட்டு எண்ணக்கூடிய படம்தான்.

இப்போ கொஞ்சம் யோசிங்க. உள்ளீடற்ற பலகை என்பது என்ன? தண்ணி உள்ள போகாத, காத்து நிரம்பின பெட்டி. கேமரா ஹவுசிங் என்பது என்ன? தண்ணி உள்ள போகாத, கேமரா நிரம்பின பெட்டி. அந்தப் பலகையும் கசியும். உள்ள புகுந்த தண்ணியைக் கொட்ட ஒரு ஓட்டையும் அதுக்கு ஒரு அடைப்பானும் வெச்சிருப்பாங்க. வருஷக்கணக்கா அலைக்கு நடுவுல எப்படி ஒரு மூட்டை இறுக்கமா மூடுறதுன்னு கை பழகின ஒருத்தருக்குத்தான் கேமராவை உள்ள கொண்டுபோற தைரியம் வந்திருக்கும்னு எனக்குத் தோணுது. ஒரு வேலையில கத்துக்கிட்டது இன்னொரு வேலைக்குக் கைகொடுத்திருக்கு. கோர் சப்ஜெக்ட், எலக்டிவ்னு நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம்.

முகம்

சரி, அந்தப் படங்கள்ல என்ன இருந்துச்சு?

மனுஷங்க இருந்தாங்க. வைகிகி கடல்ல, பின்னாடி அலை வெள்ளையா நுரைச்சு உடைய, பலகை மேல நேரா நிமிர்ந்து நம்மள நோக்கி வர்ற ஆளுங்க. முதன்முறையா, பார்க்கிறவனும் அந்த அலைக்குள்ளயே இருக்கான். கரையில இருந்து எடுத்த படத்துல சர்ஃபர் ஒரு புள்ளி. உள்ளே இருந்து எடுத்தா அவருக்கு உடம்பு இருக்கு, முகம் இருக்கு. 1931-ல லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகையில அந்தப் படம் வந்தது. 1935 மே மாத நேஷனல் ஜியாகிரபிக்ல அவரோட வைகிகி படங்கள் தொகுப்பாவே வந்தது. கடலையே பார்க்காத லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போச்சு.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்ல வந்த படத்தைப் பார்த்தவங்கள்ல ஜான் பால்னு ஒரு இளைஞர். பல் டாக்டருக்குப் படிச்சவர், அதனால டாக் பால்னு கூப்பிடுவாங்க. அவர் அந்தப் படத்தை வெட்டிச் சுவத்துல மாட்டி வெச்சுக்கிட்டார். அப்புறம் அவரும் ஒரு கிராஃப்ளெக்ஸ் வாங்கி, தானே ஒரு ஹவுசிங் செஞ்சு, கலிபோர்னியாவுல தன்னோட பாலோஸ் வெர்டெஸ் சர்ஃப் கிளப் நண்பர்களைப் படம் எடுத்தார். அலையில மட்டும் இல்ல. மணல்ல பலகையை நட்டு வெச்சுப் பக்கத்துல நிக்கிறப்போ, போட்டிக்குக் காத்திருக்கிறப்போ, நெருப்பு மூட்டிக் குளிர் காயறப்போ. 1946-ல அதெல்லாம் கலிபோர்னியா சர்ஃப்ரைடர்ஸ்னு புத்தகமா வந்தது. அதே கிளப்ல இருந்த லெராய் கிரானிஸ் 40 வயசைத் தாண்டின பிறகு கேமரா எடுத்து, 1960-கள்ல சர்ஃபிங் போட்டிகளையும் வீரர்களையும் எடுத்த படங்கள்தான் இன்னைக்கும் அந்தக் காலத்தோட முகம். பிளேக்கோட அஞ்சாவது பிரச்சினை ஞாபகம் இருக்கா? கிரானிஸ் அதைத் தீர்த்தார். ரப்பர் உறை போட்ட ஒரு பெட்டியை உறிஞ்சு கப்பால பலகையில ஒட்டி வெச்சு, தண்ணியிலயே பிலிம் மாத்தினார்.

இன்னைக்கு ஏதாவது உலகப் போட்டியைப் பாருங்க. வீரர் அலைக்குள்ள நுழையற இடத்துல, ஹெல்மெட் போட்டுக்கிட்டு, காலுக்கு ஃபின் மாட்டிக்கிட்டு, கையில ஹவுசிங்கோட ஒரு தலை மிதக்கும். அந்தத் தலையோட பரம்பரை பிளேக்ல ஆரம்பிக்குது.

மிச்சக் கதை

1932-ல பிளேக் தன் பலகையில படுத்துக் கையாலயே துடுப்புப் போட்டு, கலிபோர்னியா கரையில இருந்து கேட்டலினா தீவு வரைக்கும், 26 மைலுக்கு மேல, 6 மணி நேரத்துக்குள்ள கடந்தார். கூட இன்னும் ரெண்டு பேர். 1935-ல ஒரு பழைய ஸ்பீட்போட்டோட கீலைக் கழட்டித் தன் பலகைக்கு அடியில மாட்டினார். அதுவரைக்கும் பலகைக்கு அடிப்பக்கம் வழவழன்னு இருக்கும். திருப்பினா பின்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போயிடும். இந்தச் சின்ன ஃபின் அதைப் பிடிச்சு நிறுத்திச்சு. அதைப் பரவலா ஏத்துக்கவே கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆச்சு. இன்னைக்கு ஃபின் இல்லாத சர்ஃப்போர்டைக் கடையில தேடிப் பாருங்க, கிடைக்கிறதே அபூர்வம்.

1937-ல பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகையில உள்ளீடற்ற பலகையை வீட்டுலயே எப்படிச் செய்யறதுன்னு அளவோட, வரைபடத்தோட போட்டார். பேட்டண்ட் கையில வெச்சுக்கிட்டே, இந்தாங்க செஞ்சுக்கோங்கன்னு குடுத்திருக்கார். லைஃப்கார்டுகள் அந்தப் பலகையை ஆள் காப்பாத்துறதுக்கு எடுத்துக்கிட்டாங்க. ஒரு பந்தயத்துல நியாயமில்லைன்னு திட்டு வாங்கின அதே பலகை எத்தனை உயிரைக் கரை சேர்த்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதெல்லாம் கேட்டா, ஸ்கூலை விட்டுட்டு ஜாலியா வாழ்ந்த ஆளு, நாமளும் டிராப் அவுட் ஆயிடலாமான்னு சிலருக்குத் தோணலாம். இருங்க. முழுசாக் கேளுங்க.

அம்மா இல்லாம, வீடு வீடா மாறி வளர்ந்த அந்தக் குழந்தை பெரியவனாகியும் ஒரு வீட்டுல நிலைக்கல. 1925-ல கல்யாணம் ஆச்சு, கொஞ்ச காலத்துலயே முறிஞ்சது. அதுக்கப்புறம் தனிமைதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல கடலோரக் காவல்படையில வேலை பார்த்தார். 1950-கள்ல ஹவாயை விட்டுக் கிளம்பினார். கூட்டம் அதிகமாக ஆக அவர் விலகிக்கிட்டே போனார். சைவச் சாப்பாடு, கொஞ்சம் துணி, வண்டியிலயே தூக்கம். இயற்கைதான் கடவுள்னு ஒரு முடிவுக்கு வந்து, அதைப் பத்திக் கட்டுரை எழுதினார். கடைசியில எங்க போய்ச் சேர்ந்தார் தெரியுமா? விஸ்கான்சின். கடலே இல்லாத அதே மாநிலம். அங்கதான் 1994 மே மாசம், 92 வயசுல இறந்தார்.

எல்லார் முகத்தையும் கிட்ட போய்ப் பார்த்த ஒருத்தர், தன் பக்கத்துல யாரையும் ரொம்ப நாள் வெச்சுக்கல. இதை ஒரு பாடமா சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஆனா படிச்சதுல இருந்து இது என் மனசை விட்டுப் போகவே இல்ல. அவர் செஞ்ச எல்லாமே கிட்டப் போறதுக்கான வழிகள்தான். டியூக்கிட்ட போய்க் கை நீட்டினது, மியூசியத்துல தொங்கின பலகையைத் தொட்டுப் பார்த்தது, கேமராவைப் பெட்டியில போட்டு அலைக்குள்ள போனது. கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருக்க அவரால முடியல. அதுக்கு விலை இருக்கு. திட்டு, தனிமை, ஊர் இல்லாமை, எல்லாம் அவர் குடுத்த விலை.

மறுபடி கோவளம்

இந்த வருஷம் மறுபடி போட்டிக்குப் போனேன். போன் பத்திரமா பையில. கிளப் டிஎஸ்எல்ஆர்ல சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ். ஹவுசிங் வாங்க என்கிட்ட காசு கிடையாது, அதனால தண்ணிக்குள்ள போகல. ஆனா கிட்டப் போகலாமே?

ஒரு ஹீட் முடிஞ்சு ஒரு பையன் பலகையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வெளிய வந்தான். என் வயசுதான் இருக்கும். தோத்துட்டான்னு நடையிலயே தெரிஞ்சுது. போன வருஷமா இருந்தா தூரத்துல இருந்து ஜூம் பண்ணித் திருட்டுத்தனமா ஒரு படம் எடுத்துட்டு ஓடியிருப்பேன். இந்தத் தடவை நேராப் போய், அண்ணா ஒரு போட்டோ எடுத்துக்கலாமான்னு கேட்டேன். கை நடுங்கிச்சு, வைவாவுக்குக்கூட அப்படி நடுங்கினது இல்ல. அவர் ஒரு நிமிஷம் இருன்னு சொல்லிட்டு, முகத்துல வழிஞ்ச உப்புத்தண்ணியைத் துடைச்சுக்கிட்டார். பலகையை மணல்ல ஊணி நிறுத்தினார். சிரிக்கல. கேமராவை நேராப் பார்த்தார். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், சின்ன வயசுல உடைஞ்ச பலகைத் துண்டுல அலை ஏறிப் பழகினதாச் சொன்னார். நாலு படம்தான் எடுத்தேன். கிராஃப்ளெக்ஸ் கணக்கு.

ரெண்டு வருஷத்துல நான் எடுத்த ஆயிரம் படத்துல உருப்படியான போர்ட்ரெய்ட் அது ஒண்ணுதான். ரெண்டு பிரிண்ட் போட்டேன். ஒண்ணு என் ரூம் சுவத்துல இருக்கு. இன்னொண்ணு அவருக்கு. செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச அன்னைக்கே கோவளம் போய்க் குடுத்துடணும். யாராவது கூட வர்றீங்களா?